நாளொன்றுக்குப் பதினோரு இழுவை

எங்கள் நாய் கேட்பாஸ் பின்பக்கத்தைத் தரையில் வைத்து, முன்னங்கால்களால் நடந்து, அறை முழுக்கத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போனபோது முதலில் நாங்கள் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஷெர்லின் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே ரெண்டு அறை விடலாம் என்று வருகிறது.

நானும் ஷெர்லினும் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி லைனில் நிற்கிறோம். நான் மாரிசெல்வி, கோவில்பட்டி. அவள் நாகர்கோவில். வடக்குப்பட்டில் பலராமன் அண்ணே வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறோம். கேட்பாஸ், உள்ளே விடும் சீட்டான 'கேட் பாஸ்' இல்லாமலே கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியின் காலுக்கு நடுவே புகுந்து கேன்டீன் வரைக்கும் வந்துவிட்ட குட்டி; பெயரும் அதனால்தான். ஷிப்ட் முடிந்ததும் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தவள் நான்தான். அம்மாவிடம் போனில் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுகிறேன். அது இல்லாத அறை எனக்கு வேண்டாம்.

அது எங்கள் அறையோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. ஒரு வியாழக்கிழமை கீழே போய், அண்ணே புதிதாகப் போட்ட வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து டிவி வரைக்கும் இழுத்தது. பின்னாலேயே ஒரு பழுப்புக் கோடு. கூடவே கெட்டுப்போன மீன் வாடை.

"இன்னாம்மா இது," என்றார் பலராமன் அண்ணே. "அடுத்த ஞாயித்துக்கெழம எம் பொண்ணு கங்காவுக்கு நிச்சயம். மாப்ள வூட்டுக்காரங்க உக்கார்ற எடத்துல இது ரோடு போட்டுகினு கீது."

"சரியாயிரும்ணே. பத்து நாளு இருக்குல்லா."

"அதுக்குள்ள நிக்கணும். இல்லாங்காட்டி வல்லம் வடகால்ல எம் மச்சான் கோழிப் பண்ண வெச்சிருக்கான், அங்க கொண்டுபோய் வுட்டுருவேன். நீ அழுதாலும் நான் பாக்க மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கோபம் இருந்தால் போதுமா, வழி வேண்டாமா? எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி கம்பெனி வழி. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் சூப்பர்வைசர் எங்களைப் போர்டு முன்னால் நிறுத்தி ஐந்து முறை 'ஏன்' கேட்பார். ஐந்தாவது பதில்தான் மூலகாரணம். அதைச் சரிசெய்துவிட்டுத் தினமும் எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் கைதட்டல், டீ.

போன வருஷக் காலண்டரைத் திருப்பிப் போட்டு எழுதினேன். ஏன் இழுக்கிறது? அரிக்கிறது. ஏன் அரிக்கிறது? வயிற்றில் பூச்சி. ஏன் பூச்சி? கண்டதைத் தின்கிறது. ஏன் தின்கிறது? ஒருத்தி போடுகிறாள். ஏன் போடுகிறாள்? ஷெர்லினுக்குப் புத்தியில்லை.

"எனக்க பேர எதுக்குட்டி அதுல எழுதுக?" என்றாள் ஷெர்லின்.

"அஞ்சாவது ஏன்ல நீதானட்டி வந்து நிக்க. நான் என்ன செய்ய?"

ஒரு ஷிப்ட் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவளே கடையில் பூச்சி மாத்திரை வாங்கிவந்து இட்லிக்குள் வைத்து ஊட்டினாள். தினக் கணக்கு எழுத, கம்பெனி ஃபார்ம் மாதிரியே கட்டம் கட்டி நான் ஒரு பாரம் போட்டேன். எங்களில் யார் அறையில் இருக்கிறாளோ அவள் எண்ண வேண்டும். இருவரும் வேலைக்குப் போனால் மொட்டைமாடிக் கதவுக்கு எதிரே பழைய போனில் கேமராவை ஓடவிட்டுப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பதினோரு இழுவை. ஞாயிறு ஒன்பது. செவ்வாய் ஆறு. வியாழன் இரண்டு. நிச்சயத்துக்கு முந்தின நாள் சுழி.

சுழி என்றால் எங்கள் லைனில் திருவிழா. நான் ஷெர்லினைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் ரெண்டு பேரும் பாயில் விழுந்தோம். பரோட்டா வாங்கிவந்து, பாரத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவளைக் கையெழுத்துப் போடவைத்து, கீழே கொண்டுபோய் அண்ணேயிடம் நீட்டினேன்.

"பரவால்லியே," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேட்பாஸ் மூன்று நாளாக நின்றுகொண்டேதான் சாப்பிட்டது. நின்றுகொண்டேதான் தூங்கி வழிந்தது. வாலுக்கடியில் ஓயாமல் நக்கியது. எல்லாவற்றையும் பார்த்தோம். அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணேயின் மனைவி லீலா அக்கா பூக்கூடையோடு வந்தவர், சுவரோரம் நின்ற கேட்பாஸைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தார். வாலைத் தூக்கினார். அது வீலென்று கத்தியது.

"மாரிசெல்வி, இங்க வா. நீ வாலத் தூக்கிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"பத்து நாளா எண்ணிகினு இருந்தியே, ஒரு தபா தூக்கிப் பாக்கலியா?" என்றார். "இது கொணமாவல. உக்கார முடியாம நின்னுகினு கீது பாவம்."

ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவு வீக்கம், சிவந்து பளபளவென்று இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வலி கூடக்கூட நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

பட்டுக்கரை வேட்டியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாக அண்ணே வெளியே வந்தார். அழுகிற என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவங்க பதினோரு மணிக்குத்தான் வராங்க. ஏறு வண்டில."

அவருடைய எக்ஸ்எல் வண்டியில் கேட்பாஸ் முன்னால் நின்றபடி வந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஒரகடத்தில் கால்நடை டாக்டர் தென்றலின் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் ஐந்து 'ஏன்'களையும் ஒப்பித்தேன். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, முடியாமல் சிரித்தே விட்டார்.

"ரெண்டாவது ஏன்லயே தப்பு பண்ணிட்டீங்கம்மா. பூச்சியாலயும் இழுக்கும், உண்ணி, அலர்ஜியாலயும் இழுக்கும். ஆனா ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒண்ணா, சின்னப் பை இருக்கு. உள்ள ஒரு நாத்தத் தண்ணி. வெளிக்குப் போறப்ப தானா வடிஞ்சிடும். அடைச்சிக்கிட்டா அரிக்கும், இழுக்கும், மீன் வாடை வரும். அப்புறம் சீழ் வச்சிரும். இதுக்கு அதான் ஆயிருக்கு."

"எப்பம் கூட்டிட்டு வந்திருக்கணும் டாக்டர்?"

"எப்பவாச்சும் ஒரு தடவ இழுத்தா விட்ருங்க. ரெண்டு மூணு நாள் விடாம இழுத்தாலோ, வாடை அடிச்சாலோ, அங்கயே நக்கிட்டு இருந்தாலோ வாங்க. வீக்கம், ரத்தம், உக்கார முடியலன்னா அன்னிக்கே வரணும். வீட்ல நீங்களா அழுத்தக் கூடாது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா இது ஒடைஞ்சிருக்கும்."

வலிக்கு ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கையுறை மாட்டினார். நான் கேட்பாஸின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "சார், நீங்க பின்னாடி நிக்காதீங்க," என்றார் டாக்டர்.

"அப்படி இன்னாதான் கீது உள்ள," என்று அண்ணே குனிந்தார்.

டாக்டர் அழுத்தியதும் உள்ளே இருந்த சீழ், அவர் பிடித்திருந்த பஞ்சைத் தாண்டிப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. சட்டைப் பையில் தொடங்கி, காலர் வழியாக, மீசையில் முடிந்தது. மூன்று நாள் மூடிவைத்த மீன்கூடையைத் திறந்த மாதிரி வாடை. அண்ணே வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று நான் கேட்பாஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்தேன்; தோள் குலுங்கியது. டாக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த இடத்தைக் கழுவி மருந்து போட்டு முடித்ததும், மூன்று நாளில் முதல்முறையாக, கேட்பாஸ் மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

லீலா அக்கா போன் செய்தார். "வரேன்," என்றார் அண்ணே. "சோப்பு எடுத்து வை. எனக்குத்தான்."

டாக்டர் கார்டு எழுதினார். ஒரு வாரம் மாத்திரை, புதன்கிழமை திரும்பக் கூட்டிவர வேண்டும். நாயின் பெயர் சொன்னேன். வளர்ப்பவர் பெயர், மாரிசெல்வி. "அட்ரஸ்?" என்றதும் அண்ணேயைத் திரும்பிப் பார்த்தேன். என் ஆதார், பேங்க் புத்தகம், கம்பெனி ஐடி எல்லாவற்றிலும் கோவில்பட்டி. புதன்கிழமை இந்த நாய் எந்த ஊரில் இருக்கும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

"இன்னா முழிக்கிற?" என்றார் அண்ணே, பேப்பரால் மீசையைத் துடைத்தபடி. "பலராமன் வூடு, பஜன கோயில் தெரு, வடக்குப்பட்டு. எழுதிக்கோம்மா."

"அண்ணே, கோழிப் பண்ணை…"

"இந்த நாத்தத்தோட நானே வூட்டுக்குள்ள போவப் போறேன். அது வர்றதுக்கு இன்னா?"

வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கார்டை இரண்டு தடவை படித்தேன். மேலே என் பெயர், கீழே வடக்குப்பட்டு முகவரி. இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் இரண்டும் ஒரே தாளில் இருப்பது அதுதான் முதல்முறை.