பிஸ்கட் தெருவில் ஏன் வீடு எடுத்தேன்

அத்தான் ஒரு மாதமாகக் குடும்பக் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "பூங்காவைப் பார்த்த வீடு கைக்கு வந்துச்சு. அதை விட்டுட்டு ஃபேக்டரிப் புகைபோக்கியைப் பார்த்த வீட்டைப் பிடிச்சிருக்கா. இவளுக்கு மண்டையில ஏதாவது கழண்டுடுச்சா?" அக்கா அதற்கு ஒவ்வொரு முறையும் சிரிக்கிற பொம்மை போடுகிறாள். அம்மா எதுவுமே போடுவதில்லை.

இத்தனை நாள் நான் பதில் சொல்லாததற்குக் காரணம், நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இன்று மதியம்தான் தெரிந்தது. கையில் துணி மடிக்கிற வேலை இருக்கிறது, நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்ளட்டும். கொஞ்சம் நீளமாகப் போகும். அத்தான், பாதியில் குறட்டை விடக் கூடாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா எல்லாரிடமும் "லேப்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். லேப்தான். ஆனால் அங்கே நான் மோந்து பார்க்கிறவள். நகரம் முழுக்கக் குழாயில் ஓடுகிற தண்ணீரை அங்கங்கே பிடித்துக்கொண்டு வருவார்கள். அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வெதுவெதுப்பாக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி, மூடியைத் திறந்த அந்த நொடியில் மூக்கை வைக்க வேண்டும். மூன்று குடுவைகள் இருக்கும். இரண்டில் சும்மா தண்ணீர், ஒன்றில் மட்டும் வாடை. எந்தக் குடுவை, என்ன வாடை, எவ்வளவு தூக்கல் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவரும் அதையே மோந்து எழுதிக் கவிழ்ப்பார். இரண்டு தாளையும் ஒன்றாகத்தான் புரட்டுவார்கள். அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்து முகம் சுளிக்கக்கூட அனுமதி இல்லை. மழை பெய்ததும் எழும்புகிற மண்வாசனையைப் பற்றி எல்லாரும் கவிதை எழுதுவார்கள். அதே வாசனை குழாயில் வந்தால் எங்களுக்குப் புகார் எழுதுவார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஜலதோஷம். அவனும் என்னோடு சேர்ந்த பயிற்சிக்காரன்தான். யாராவது தும்மினால் அடுத்த அறைக்கு ஓடிவிடுவான். வெயில் காலத்திலும் கழுத்தில் துணி. சளி பிடித்தால் வேலை போய்விடும் என்று அவனுக்கு அப்படி ஒரு கிலி. அம்மா, உடனே புருவத்தைத் தூக்காதே, அவன் வெறும் நண்பன்.

எனக்கு இருந்த கிலி வேறு. பயிற்சி முடிவில் ஒரு பரீட்சை வைப்பார்கள். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இங்கே தங்கி வேலை செய்கிற அனுமதியும் முடிந்து, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குக் குளோரின் தெரியும், துருவாடை தெரியும், மண்வாடை தெரியும். பூஞ்சை வாடை மட்டும் பிடிபடவே இல்லை. அந்தக் குடுவை வந்தாலே என் தாளில் பூஜ்யம். சூப்பர்வைசர் அம்மா என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மத்ததெல்லாம் நாய் மாதிரி பிடிக்கிற. இதுல மட்டும் மூக்கை வீட்டுல வெச்சிட்டு வர்றியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறையில் போய் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த செட் பயிற்சிக்காரர்கள் வருகிறார்களாம். வீடு தேட வேண்டும். அக்கா கடைத்தெரு பக்கம் பார் என்றாள். அம்மா பஸ் நிறுத்தம் வெளிச்சமாக இருக்கிற இடமாகப் பார் என்றாள். அத்தான் வரைபடத்தில் நட்சத்திரம் நிறைய வாங்கிய ஏரியாவாக நாலைந்தை அனுப்பினார். எல்லாம் சரி. ஆனால் என் மனதில் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது: வாசனையே இல்லாத இடமாக வேண்டும். என் பிழைப்பு மூக்கில் இருக்கிறது. அதைச் சுத்தமான இடத்தில் வைத்தால் அந்தப் பாழாய்ப்போன பூஞ்சையும் ஒரு நாள் பிடிபட்டுவிடும் என்று நினைத்தேன்.

ஜலதோஷத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். லேபில் செய்கிற மாதிரியே செய்வதென்று முடிவு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேரும் தனித்தனியாகத் தாளில் எழுத வேண்டும், ஒன்றாகத்தான் புரட்ட வேண்டும். வீட்டுத் தரகர் ஒரு அக்கா. இரண்டு போன், ஒரு பெரிய சாவிக்கொத்து, நிற்காத பேச்சு. நாங்கள் வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"ஐயய்யோ, இல்லக்கா. இவன் என்னோட ரெண்டாவது மூக்கு."

"என்னது?"

"விடுங்கக்கா, வேலை விஷயம்."

அன்று நான் பார்த்ததை எல்லாம் சொன்னால் விடிந்துவிடும். ஒரே நகரம், ஆனால் தெருவுக்குத் தெரு ஆட்கள் வேறு மாதிரி. ஒரு தெருவில் மாடி மாடியாகத் துணி காய்கிறது, அடுத்த தெருவில் ஒரு கைக்குட்டைகூட வெளியே இல்லை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்குள் ஏறிய ஆள் எங்களுக்கு வணக்கம் சொன்னார், பக்கத்துக் கட்டடத்தில் கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர், சின்னப் பிள்ளை உண்டா என்று சொல்லிவிடலாம். எனக்குக் கிலியெல்லாம் மறந்து வேடிக்கை பார்க்கவே நேரம் போதவில்லை.

பிஸ்கட் தெருவையும் அன்று பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லக் கூடாது, பஸ்ஸிலிருந்தே மோந்தோம். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வேகிற வாடை, ஆளைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி வந்தது. தரகர் அக்காவே, "இங்கேயும் ஒரு வீடு இருக்கு. காட்டவே எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டேன்.

கடைசியாக, அத்தான் சொல்கிற அந்தப் பூங்கா வீடு. அத்தான், சத்தியமாக நல்ல வீடுதான். பெரிய ஜன்னல், கீழே மரங்கள், கொஞ்சம் தள்ளிக் குளம். குளிர்ச்சியாக இருந்தது. நான் உள்ளே நுழைந்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமான வெற்றுக் காற்று. இதுதான் என் வீடு என்று மனதில் குடியேறியே விட்டேன். கட்டில் எங்கே போடுவது என்றுகூட முடிவாகிவிட்டது.

"இந்த ஏரியாவுல வீடு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. இப்பவே சொல்லிடுங்க" என்றார் தரகர் அக்கா.

"ஒரு நிமிஷம்கா. தாளைப் புரட்டிடறோம்."

என் தாளில் பூஜ்யம். அவன் தாளில் "பூஞ்சை. ரொம்பத் தூக்கல்."

"உனக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றேன்.

"எனக்கா? வாயைக் கழுவு. உள்ள வந்ததுலேர்ந்து குடலைப் புரட்டுது. உனக்கு நிஜமாவே தெரியலையா?"

"சும்மா என்னை வெறுப்பேத்தாத."

அவன் போய்ச் சுவரோரம் இருந்த அலமாரியை ஒரு தள்ளு தள்ளினான். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு கறுப்பாகப் புள்ளி. தரகர் அக்கா, "அது வெறும் ஈரம்தான் தங்கச்சி, பெயின்ட் அடிச்சா போயிடும்" என்று ஆரம்பித்தார். நான் அந்தச் சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி போய் நின்றேன். கண்ணுக்குப் பூஞ்சை தெரிகிறது. மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. அம்மா, என் மூக்கு செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

திரும்பி வருகிற வழியில் ஜலதோஷம் திடீரென்று, "உன் விடுதி ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"கீழ்த்தளம். பின்பக்கம்."

"வெயில் வருமா?"

"எங்கே வரும்? துணி காயவே நாலு நாள் ஆகும்."

"போய் உன் தலையணையை எடுத்துட்டு வா."

ஆண்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் நான் தலையணையைப் பையில் போட்டு வாசல் கேட்டுக்குக் கொண்டுவந்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜலதோஷம் பையைத் திறந்தான், தலையை உள்ளே விட்டான், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான்.

"ஐயோ! இது தலையணையா, காளான் பண்ணையா?"

நானும் மோந்தேன். தலையணை. அவ்வளவுதான்.

எங்களுக்கு முதல் வாரப் பாடமே அதுதான்: எந்த வாடையிலும் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். அதனால்தான் இரண்டு குடுவைக்கு நடுவில் வெளியே போய் நின்றுவிட்டு வருவோம். அதைக் குடுவைக்கான பாடம் என்றே படித்து வைத்திருந்தேன். நான் தினம் படுத்து எழுந்திருக்கிற அறைக்கும் அது பொருந்தும், மாதக்கணக்கில் ஊறிய வாடை வெளியே வந்து நின்றாலும் லேசில் திரும்பாது என்று தோன்றவே இல்லை. சூப்பர்வைசர் அம்மா சொன்னது அப்படியே உண்மை, மூக்கை வீட்டில்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வாசனையே இல்லாத வீடு என்று நான் மயங்கிய வீட்டில் இருந்தது என் அறையின் வாடைதான்.

விடுதி கேட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜலதோஷம் கொஞ்சம் தள்ளியே நின்றான், தலையணைக்குப் பயந்து.

"வாசனையே இல்லாத இடம்னு ஒண்ணு கிடையாதுல்ல?" என்றேன்.

"கிடையாது. எங்க போனாலும் ஒரு வாடை. கொஞ்ச நாள்ல அது உனக்குத் தெரியாமப் போயிடும்."

"அப்போ எந்த வாடை தெரியாமப் போனா எனக்குப் பரவாயில்லையோ, அந்த இடத்துக்குப் போகணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"பிஸ்கட்!" என்றேன்.

"ஏய், பரீட்சையில இனிப்பு வாடை வந்தா?"

"தண்ணியில பிஸ்கட் வாசனை வருதுன்னு எவனாவது புகார் குடுத்திருக்கானா? வந்தா ரெண்டு டம்ளர் சேர்த்துக் குடிப்பான்."

தரகர் அக்காவுக்குப் போன் போட்டேன். "பூங்கா வீடு வேண்டாம்கா, பிஸ்கட் ஃபேக்டரி வீட்டைக் காட்டுங்க" என்றேன். "தங்கச்சி, உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்றார். அத்தான் கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையாக.

இப்போது இந்த வீட்டைச் சொல்கிறேன். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கி, உண்மைதான். ஆனால் வெயில் நேராக உள்ளே வருகிறது, துணி மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது, சுவர் அப்பளம் மாதிரி உலர்ந்து கிடக்கிறது. தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினேன். ஷிஃப்ட் மாறும்போது தலையில் வெள்ளை வலைத் தொப்பியோடு பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். ஒரே சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். பஸ் நிறுத்தம் பகல் மாதிரி வெளிச்சம், அம்மா. முதல் சில நாட்கள் என் துணி, தலைமுடி, தண்ணீர் எல்லாமே பிஸ்கட். லேபில் என்னைப் பார்த்தாலே பசிக்கிறது என்றார்கள். தினமும் குளித்து, லேபில் வைத்திருக்கிற உடைக்கு மாறிய பிறகுதான் மோந்து பார்க்கிற அறைக்குள் விடுவார்கள். பிறகு ஒரு நாள் காலையில் ஜன்னலைத் திறந்தேன். புகை வருகிறது, வாடை இல்லை. பிஸ்கட் என்னை விட்டுப் போய்விட்டது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. போனது போய்விட்டது, வர வேண்டியது வருமா?

இன்று காலை பரீட்சை. வரிசையாகக் குடுவைகள். குளோரின் வந்தது, எழுதினேன். துரு வந்தது, எழுதினேன். அடுத்த மூன்றில் முதல் குடுவை சும்மா. இரண்டாவதின் மூடியை எடுத்தேன், தலை தானாகப் பின்னால் போனது. ஈரத் துணியைச் சுருட்டி மூடி வைத்து மறந்துபோன மாதிரி ஒரு வாடை. முகம் சுளிக்கக் கூடாது என்பது விதி. நான் சுளிக்கவில்லை, சிரித்துவிட்டேன். சிரிப்புக்கு விதி எதுவும் எழுதவில்லை போல. தாளில் "பூஞ்சை" என்று எழுதி, பக்கத்தில் "ரொம்பத் தூக்கல்" என்றும் எழுதிக் கவிழ்த்தேன்.

மண்வாடையில் ஒன்றைத் தவறவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தேறிவிட்டேன். வேலை நிரந்தரம். ஜலதோஷமும் தேறிவிட்டான், தேறிய சந்தோஷத்தில் அழுது இப்போது அவனுக்கு மூக்கு அடைத்துக்கொண்டிருக்கிறது. இதுதான் அத்தான் பதில். இனி குழுவில் சிரிக்கிற பொம்மை போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம்.

நிரந்தரமானவர்களுக்கு லீவு உண்டு. வரப்போகிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம், துணி மடிக்க மடிக்க அதுதான் மண்டையைக் குடைகிறது. நம் வீட்டுக்கு என்ன வாசனை? பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருந்ததால் எனக்குத் தெரியவே தெரியாது. உங்களைக் கேட்டாலும் பயனில்லை, உங்களுக்கும் தெரியாது. கதவைத் திறந்த முதல் நிமிடம் மட்டும்தான் எனக்கு அது கிடைக்கும், பிறகு போய்விடும். அதனால் ஒன்று செய்யுங்கள். நான் வருகிற அன்று யாரும் சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் ஏற்றாதீர்கள், வீட்டைக் கழுவி விடாதீர்கள். அம்மா, கட்டிப்பிடித்து அழுவதாக இருந்தால் கொஞ்சம் பொறு. என்னை வாசலில் ஒரு நிமிடம் சும்மா நிற்க விடுங்கள்.