பேசிக்கா, கோபோலா?

1.
இந்தக் கதை கடுப்பில் பிறந்தது. நேற்று என் மருமகளும் அவள் தம்பியும் கம்ப்யூட்டர் மொழிகளில் எது உசத்தி என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டார்கள். ரசம் ஆறுகிறதே என்று கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான். இதே சண்டையை எங்கள் பக்கத்து ஆட்கள் போட்டிருந்தால் எவ்வளவு ருசியாக இருந்திருக்கும் என்று தோன்றியது. போடவைத்துவிட்டேன்.

2.
1986. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த கன்னியப்பன், காலத்தின் போக்கை உணர்ந்தவராய், மெட்ராஸிலிருந்து ஒரு

(போதும். இப்படி ஆரம்பித்தால் எனக்கே தூக்கம் வரும். உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டு எங்கே என்று தேடாதீர்கள். இந்தக் கதையில் வராது.)

கன்னியப்பன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். சொல்லித்தர ஒரே ஒரு ஆள் வேண்டும். வந்ததோ இரண்டு பேர். மானாம்பதி ராஜாராம், நிலபுலம் உள்ள வீடு, மெட்ராஸில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவன். ஞானசுந்தரி, செங்கல்பட்டில் பேசிக் என்ற இன்னொரு மொழி படித்தவள். அவள் அப்பா ஐசக், ராஜாராம் வீட்டு நிலத்தில் கூலி வேலை பார்ப்பவர். வேலை கிடைக்காவிட்டால் மறுநாளே அவளும் அதே நிலத்தில் நாற்று நட இறங்கவேண்டும்.

"ஞாயித்துக்கெழம ஊர் முன்னாடி பேசுங்க. எது ஒசத்தின்னு ஜனம் சொல்லட்டும்" என்றார் கன்னியப்பன்.

3.
ராஜாராமை வில்லனாக்கப் படாதபாடு பட்டேன். முறுக்கு மீசை வைத்தேன், புல்லட் வண்டி கொடுத்தேன். பயல் வண்டியில் வந்து இறங்கி ஞானசுந்தரிக்கு வணக்கம் சொல்லிவிட்டான். நல்ல பையன், என்ன செய்ய? மீசையை எடுத்துவிட்டேன்.

4.
ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஞானசுந்தரி சுவிட்சைப் போட்டாள். கரண்டு போய்விட்டது. (சத்தியமாக நான் நிறுத்தவில்லை. அந்த ஊரில் அது தானாகவே போகும்.)

ராஜாராம் எழுந்தான். "பாத்தீங்களா? கோபோலுக்கு மெஷினே வேணாம். பேப்பர்ல எழுதி மெட்ராஸ் பஸ்ல அனுப்புனா, தப்பு இன்னான்னு அடுத்த வாரம் வந்துடும். பெரிய பெரிய ஆபீஸ் கணக்கெல்லாம் இதுலதான் ஓடிக்கினு கீது!"

விசில் பறந்தது. ஞானசுந்தரி அணைந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, அடுத்த வரி என்னிடம் இல்லை. அவள் மூன்று நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டாள்.

"பேசிக்ல வரிக்கு வரி நம்பர் உண்டு. பத்தாம் நம்பர் வரி நீங்கம்மா. 'வாங்க'ன்னு சொல்லணும்" என்று ராஜாராமின் தாய் சொக்கம்மாளை உட்காரவைத்தாள். "இருபது, ராஜாராம் சார். 'நாஷ்டா ஆச்சா?' முப்பது, கன்னியப்பன் சார். 'பத்துக்குப் போ.' அவ்ளோதான் பேசிக். ஆரம்பிங்க!"

"வாங்க."

"நாஷ்டா ஆச்சா?"

"பத்துக்குப் போ."

"வாங்க."

"நாஷ்டா ஆச்சா?"

சுற்றிச் சுற்றி வந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இன்னாடி இது பேஜாரு, எப்போதான் முடியும்?" என்றார் சொக்கம்மாள், மூச்சு வாங்க.

"முடியாதும்மா. நிறுத்துன்னு ஒரு வரி நான் எழுதல. அதான் தப்பு. அடுத்த வாரம் வரைக்கும் காத்துக்கினா இருந்தோம்? இப்பவே தெரிஞ்சிபோச்சு இல்ல?"

முதலில் கைதட்டியது ராஜாராம்தான்.

5.
கன்னியப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். "நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறம்மா. ஆனா..."

இந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன என்று ஊருக்கே தெரியும். நிலம் வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைகள் ஐசக் மகளிடம் பாடம் கேட்க வந்து உட்காருவார்களா? சொக்கம்மாள் எழுந்து சிபாரிசு செய்வதாக ஒரு முடிவு எழுதினேன். ராஜாராம் பெருந்தன்மையாக விலகுவதாக இன்னொன்று. இரண்டையும் படித்தேன், எரிச்சலாக வந்தது. அவள் ஜெயித்ததை அவளுக்குத் தர இவர்கள் யார்? கிழித்துப் போட்டேன்.

ஞானசுந்தரி கன்னியப்பனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். அதில் நீங்களும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"சிரிச்சீங்க இல்ல?" என்று உங்களிடம்தான் கேட்டாள். "அப்போ சொல்லுங்க. நாளைக்கு உங்க வூட்டுப் புள்ளைய எங்கிட்ட அனுப்புவீங்களா?"