காற்றுக்கு விட்ட வழி

கார் சீட்டுக்கு உறை தைக்கிறவருக்கு லேப்டாப்பைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்டுவிட முடியாது. கேட்டால் போச்சு, மத்தியானம் வரை விளக்கம் சொல்வார். அன்று காலையில் கடையைத் திறக்காமல், மனைவியின் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

மனைவி மொழிபெயர்ப்பாளர். டாக்டர் ஒரு மொழி, நோயாளி ஒரு மொழி. வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் நடுவே நின்று இரண்டு பேரையும் பேசவைப்பாள். முந்தின நாள் மாலை, பேச்சின் நடுவில் லேப்டாப் கொதித்துப்போய்ப் பொட்டென்று அணைந்துவிட்டது. அது கண் விழிப்பதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். மீதியை இன்று மூன்று மணிக்குத்தான் பேசவேண்டும்.

"ஒரு அம்மாகிட்ட பாதி வாக்கியத்துல விட்டுட்டேங்க," என்று ராத்திரியே சொல்லியிருந்தாள். "இதுக்கு மேல கேக்காதீங்க. சொல்லக் கூடாது."

அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாதி வாக்கியம் அவரையும் தூங்கவிடவில்லை.

லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற கூலிங் பேடு வீட்டில் ஏற்கெனவே இருந்தது. நாலு குட்டி ஃபேன், ஊருக்கே கேட்கிற இரைச்சல், காற்று மட்டும் பேருக்கு. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். பேப்பர் பக்கவாட்டில் படபடவென்று ஆடியது.

"பாத்தியா? காத்து மேல போகல. சந்து வழியா ஓடிப்போகுது."

அப்புறம் அவரைப் பிடிக்க ஆளில்லை. நாலு ஃபேனையும் பிடுங்கிவிட்டு, செத்துப்போன பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்தினார். வழியை மறித்த கம்பி வலையை வெட்டி எறிந்தார். முதல் தடவை ஃபேனைத் தலைகீழாக மாட்டிவிட்டார். காற்று கீழே அடித்து மேசைமேல் இருந்த பில்லெல்லாம் பறந்தது. மனைவி சிரிக்காமல் பொறுக்கிக் கொடுத்தாள். திருப்பி மாட்டினார். பிறகு சீட்டுக்குப் போடுகிற ஃபோமை நீள நீளமாக அறுத்து, பேடைச் சுற்றி நாலு பக்கமும் சந்தில்லாமல் ஒட்டினார். அவர் கைத்தொழிலில் ஓரம் திறந்து கிடந்தால் அது அவமானம். பார்க்க மெத்தை மாதிரி இருந்தது.

ஓட்டிப் பார்த்தார்கள். சூடு குறையவில்லை, ஏறியது. திரையில் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. அவருக்கு முகம் தொங்கிப்போனது. மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

மனைவி லேப்டாப்பின் பின்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். "ஏங்க, உள்ள காத்து வருது, சரி. சூடு எந்த வழியா வெளிய போகும்? அந்த ஓட்டையையும் சேத்து அடைச்சு வச்சிருக்கீங்களே."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடையில் கஸ்டமர் பார்த்தால் மானம் போய்விடும், போகட்டும் என்று பின்பக்க ஃபோமை ஒரே இழுப்பில் பிய்த்தார். பிசிறு பிசிறாக நின்றது. சூட்டுக் காற்று குபுகுபுவென்று அவர் உள்ளங்கையில் அடித்தது. எண்பத்தைந்து, எண்பது, எழுபத்திரண்டு. இறங்க இறங்க அவர் பள்ளிக்கூடப் பையனைப்போல் உரக்கப் படித்துக்கொண்டே இருந்தார். பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றியதால் மைக்கிலும் இரைச்சல் ஏறவில்லை.

மூன்று மணிக்கு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. குரல் மட்டும் ஏறி, நின்று, மறுபடி தொடர்ந்தது. நிற்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார். நேற்று அணைந்த நேரம் கடந்தது. குரல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சிரிப்பு கேட்டது, யாரோ அழுதுகொண்டே சிரிப்பதுபோல.

கதவு திறந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"முழுசா சொல்லி முடிச்சியா?"

"முடிச்சேன்." அதற்கு மேல் சொல்லக் கூடாது, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து டிகிரி டிகிரின்னு உயிரை வாங்குனீங்களே," என்றாள். "எவ்வளவுன்னு கேக்கவே இல்லையே?"

அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது.