தொண்டை வலிதான்

பங்குனி உத்திரத் திருவிழா முடிந்த வாரம் பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்குத் தொண்டை வலி. மயில்வாகனத்துக்கும் வந்தது, அவன் மனைவி இந்திராணிக்கும் வந்தது. மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பாலை இருவரும் ஒரே சொம்பில் குடித்தார்கள். நாலைந்து நாளில் அவனுக்கு விட்டுவிட்டது. அவளும் எச்சில் விழுங்க முடிகிறதென்று சொல்லி, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி ராட்டினத்தில் ஊடை நூலைத் தார் சுற்ற ஆரம்பித்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜுரமென்று படுத்தே பழக்கமில்லாத பெண்.

ஒரு நாள் பகலில் ராட்டினத்தை நிறுத்திவிட்டு, "இன்னாங்க, குளுருதுங்க" என்றாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மயில்வாகனம் தறிக்குழியிலிருந்து ஏறி வருவதற்குள் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. போர்வையைப் போர்த்தப் போனவனின் கையைத் தள்ளினாள். "கழுத்தாண்ட தொடாதீங்க." இடது தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது.

தெருக்கோடி டாக்டர் குளிர்ஜுரம் என்று ஊசி போட்டார். இரண்டு நாளில் மூச்சை இழுத்தாலே விலாவில் குத்துகிறது என்றாள். அடுத்த தெருவிலிருந்த அவள் அம்மா தில்லையம்மாளை அழைத்துக்கொண்டு, மயில்வாகனம் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கிருந்த டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"முன்னாடி தொண்டை வலி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. அது சரியாயிடுச்சுங்க."

"சரியாகலைப்பா. தொண்டையில இருந்த சீழ் கழுத்து நரம்பு வழியா ரத்தத்துல கலந்துடுச்சு. நுரையீரலுக்கும் போயிருக்கு. பென்சிலின் போடறேன். நீ உடனே மெட்ராஸுக்குக் கொண்டுபோ."

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவளைப் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். சாயங்காலம் தவிர ஆம்பிளைகளை உள்ளே விடவில்லை. மயில்வாகனம் வெளியே வராந்தா ஓரமாக நின்றான். தில்லையம்மாள் அவ்வப்போது வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"சீழ் எடுக்க விலாவுல ரப்பர் கொழா வச்சிருக்காங்க மாப்ளே."

"பேசறாளா?"

"ஜுரத்துல பெனாத்தறா. தறியில இழை அறுந்துக்கினே இருக்குதுங்கறா. உங்கள முடி போடச் சொல்றா."

"போட்டுட்டேன்னு சொல்லுங்க அத்தே."

சாயங்காலம் உள்ளே விட்டபோது அவளுடைய கண் மஞ்சளாகக் கிடந்தது. கையைப் பிடித்தான். நெருப்பாகச் சுட்டது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலைத் தாண்டிப் போன இளம் டாக்டரை நிறுத்திக் கேட்டான்.

"எனக்கும் இதே வலிதான் சார் வந்துச்சு. ஒரே பாலைத்தான் குடிச்சோம். எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எங்கயோ ஒருத்தருக்கு இப்படித் திரும்பிடுது" என்றார் அவர். "ஏன் இவங்களுக்குன்னு கேட்டா, எனக்குத் தெரியலப்பா. மருந்து போயிக்கிட்டுதான் இருக்கு."

மறுநாள் காலையில் தில்லையம்மாள் வராந்தாவுக்கு வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உடலை வேனில் ஊருக்குக் கொண்டுவந்து மயில்வாகனத்தின் வீட்டு வாசலில் கிடத்தினார்கள். இந்திராணியின் அப்பா அப்பாதுரை காலொடிந்து வீட்டோடு இருப்பவர். அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டுவந்து விட்டார்கள். மகளின் முகத்தைக் குனிந்து பார்த்தார். உதடுகள் வெடித்துக் கறுத்திருந்தன. நிமிர்ந்து எதிரிலிருந்த சாயப்பட்டறையைப் பார்த்தார். அங்கே ஆசிட் கேன்கள் வாசலிலேயே இருக்கும்.

"எம் பொண்ணு இன்னாத்தக் குடிச்சா?" என்றார்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள்.

"ஐயோ, தொண்டை வலிதான்யா" என்று தில்லையம்மாள் கத்தினாள். "நான் கூடவே இருந்தேன்."

"தொண்டை வலியில யாருனா சாவாங்களாடி?"

அவள் மருமகனைப் பார்த்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் மயில்வாகனத்தின் மனதில் இருந்தது. அதில் ஒரு துண்டுதான் வாய்க்கு வந்தது.

"ரத்தத்துல கலந்துடுச்சு மாமா" என்றான்.

"அதான் கேக்கறேன். இன்னாது கலந்துச்சு?"

மயில்வாகனம் அவர் காலடியில் உட்கார்ந்தான். பின்னால் யாரோ குரலைத் தாழ்த்தி "ஆசிட்டா?" என்று கேட்க, இன்னொருத்தி "உஷ்" என்றாள்.