ஐம்பது நிமிடப் பயணம்

நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் அவனுக்கு மச்சினன் வைத்த பெயர் மில்லிமீட்டர். ஜன்னலுக்குத் திரை வாங்குவதென்றால் மூன்று தடவை அளப்பான். வாங்கி வந்த பிறகு, தான் அளந்தது சரிதானா என்று சந்தேகம் வந்து நான்காம் தடவையும் அளப்பான்.

அவன் மனைவிக்கு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு வருடமாகக் காத்திருந்த பதவி உயர்வு ஒருவழியாக வந்தது, ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். மூன்று வருடம் அங்கே இருந்தாக வேண்டும். அவனால் இந்த ஊரை விட்டு நகர முடியாது. மலையைச் சுற்றிப் பஸ்ஸில் போனால் பதினோரு மணி நேரம். வேண்டாமென்று நாளைக் காலை எழுதிக் கொடுத்துவிடப் போவதாக, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் அவனைச் சுட்டது.

இரண்டு ஊரிலும் சின்னதாக ஒரு விமான நிலையம் உண்டு. அவன் வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்தான். நேர்கோட்டில் இருநூற்று எண்பத்தாறு கிலோமீட்டர்.

"பிளேன்ல போனா அம்பது நிமிஷம்," என்றான், தலை நிமிராமல்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்பதா? நாப்பத்தொம்பது இல்ல, அம்பத்திரெண்டு இல்ல, கரெக்டா அம்பது?"

அவன் அளவுகோலை நகர்த்தி இன்னொரு தடவை அளந்தான்.

"என்னை அனுப்பிவைக்க அவ்வளவு அவசரமா?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து அவள் முன் வைத்தான். மதியம் அலுவலகத்தில் போட்ட கணக்கு. வீட்டிலிருந்து விமான நிலையம் முப்பத்தைந்து நிமிடம். அங்கே காத்திருக்க ஒன்றரை மணி நேரம். விசிறி வைத்த சின்ன விமானம், ஏறி இறங்க அறுபத்தெட்டு நிமிடம். பெட்டி வர இருபது. அங்கிருந்து ஊருக்குள் போகும் பஸ் எழுபத்தேழு.

கீழே கோடு போட்டு எழுதியிருந்தான்: நாலு மணி நேரம் ஐம்பது நிமிடம்.

"அம்பது நிமிஷம்னு பொய் சொல்லல," என்றான். "முன்னாடி இருக்கற நாலு மணி நேரத்தைச் சொல்லல, அவ்வளவுதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போகமாட்டே. எட்டு வருஷம் காத்திருந்தது நீதானே?"

அவள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், பையிலிருந்த சம்மதப் படிவத்தை எடுத்து வந்தாள். தான் மாதத்துக்கு ஒரு தடவை வருவதாகவும், ஒரு தடவை அவன் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"அங்கேர்ந்து திரும்பி வர எவ்வளவு?"

அதையும் அவன் மதியமே போட்டுவைத்திருந்தான். "எதிர்க்காத்து இருக்கும். அஞ்சு மணி நேரம் ரெண்டு நிமிஷம்."

"அந்த ரெண்டு நிமிஷத்தையாவது விட்டுடுங்களேன்," என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.