முத்தலிபு கொழும்புக்குக் கணக்குப் பார்த்த வருடம்

கொழும்பில் இருபது வருடம் ஓய்வாக இருந்து கண்ணை மூட எழுபது இலட்சம் ரூபாய் வேண்டும் என்று முத்தலிபு முதலாளி வாய்விட்டுச் சொன்ன காலையில், புத்தளம் களப்புத் தண்ணீர் அவர் வீட்டு வேலியிலிருந்து ஒரு தென்னை நீளத்துக்குப் பின்வாங்கியது. அன்று பெரிய இறால் கிலோ ஆயிரத்து நூறு. யுத்தம் முடிந்து ஐந்து வருடமாகியிருந்தது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் ஆலங்குடாவுக்கு வரத் தொடங்கியதில் காணி விலை ஏறி, வீட்டையும் பாலாவி உப்பளத்தையும் விற்றால் தொண்ணூறு இலட்சம் தேறும் என்ற நிலை. தெஹிவளையில் வாழும் மகள் றிப்னாதான் பேச்சைத் தொடக்கினாள். "வாப்பா, உம்மாட முழங்காலுக்கு நல்ல டொக்டர்மார் இங்கதான். வித்துட்டு வாங்க." முத்தலிபுக்குப் போக விருப்பமில்லை, அதைச் சொல்லவும் விருப்பமில்லை, ஏனென்றால் வலிப்பது மனைவி கமறியாவின் முழங்கால். காசு போதாது என்று வந்துவிட்டால் யார் மேலும் குற்றமில்லை என்ற நம்பிக்கையில்தான் கணக்கையே போட்டார். போதும் என்று வந்தது. மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிழை வாடகையில் இருந்தது. உப்புக்காரர்களுக்கு மாதம் என்பது பிறை பார்க்க மட்டுந்தான். குத்தகை, கூலி, கடைப்பற்று எல்லாம் போகத்துக்குப் போகம், வருடத்துக்கு இரண்டு. ஃபிளாட் வாடகை நாற்பத்தையாயிரம் என்று றிப்னா சொன்னதை அவர் ஒரு போகத்துக்கு என்று எடுத்துக்கொண்டு, கொழும்பு பரவாயில்லையே என்று கவலைப்பட்டிருந்தார். பிறகு ஒருநாள் போனில், "மாசத்துக்கு, வாப்பா!" என்றாள் அவள்.

"ஒவ்வொரு மாசத்துக்குமா?"

"ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் வெளியில படுப்பீங்களா?"

முத்தலிபு போனை வைத்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு சிரித்த முகத்தோடு, "ஒரு கோடியே அறுபது இலட்சம்!" என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார். பின்னேர அஸர் தொழுகைக்குள் களப்பு போய்விட்டது. கட்டியிருந்த தோணிகள் சேற்றில் சாய்ந்தன. கற்பிட்டிக் கழுதைகள் களப்பின் நடுவால் நடந்து மறுகரைக்கு மேயப் போயின. இரண்டு அதிகாரிகள் வாகனத்தில் வந்து, காலநிலை மாற்றம் என்று எழுதிக்கொண்டு, போகும்போது கொஞ்சம் இறால் கேட்டார்கள். இல்லை என்றதும்தான் நிலைமை மோசம் என்பது அவர்களுக்கு விளங்கியது.

ஊருக்குக் காரணம் தெரியும்: அவர் சொல்லும் தொகை ஏறினால் களப்பு இறங்கும். முத்தலிபுவின் குரல் பெரிது, தண்ணீர் போன திசையை எல்லோரும் பார்த்தவர்கள். அடுப்பெரியாத இரண்டாம் கிழமை, மீன்பிடிக்காரர்கள் தங்களில் வாய்க்காரனான பஸ்தியானை முன்னால் விட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, செலவைக் குறைக்கச் சொல்லி நின்றார்கள். "முதலாளி, மூண்டு அறை எதுக்கு? ரெண்டு பேரும் ஒரே அறையிலதானே சண்ட பிடிக்கப் போறீங்க," என்றான் பஸ்தியான். ஓர் அறை குறைந்தது. தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு தெரிந்தது. "மீன நாங்க பஸ்ஸில போட்டு அனுப்புறம், அத வெட்டுங்க." வெட்டினார், சேறு நனைந்தது. பஸ்தியானின் மச்சான் கில்பட் வைத்தியச் செலவைப் பிடித்துக்கொண்டான். "கிழமைக்கு ஒருக்கா டொக்டரா? மாசத்துக்கு ஒருக்கா வருத்தம் வந்தாக் காணாதா?" பொழுது சாயும்போது கணக்கு சரியாகத் தொண்ணூறு இலட்சத்தில் வந்து நின்றது, தோணிகளும் நிமிர்ந்து மிதந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். முத்தலிபு மட்டும் கதிரையில் இருந்தபடி, பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல் தண்ணீரைப் பார்த்தார். இனி அவர் போகாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

அதுவரை வாசற்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்த கமறியா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எல்லாம் போட்டிருக்கீங்க. என்ட மையத்தத் திருப்பிக் கொண்டுவாற வேன் கூலி எங்க?"

"மையத்தா?"

"பின்ன? நான் அடங்குறது நம்மட மையவாடியிலதான். கடைசியில இங்கதான் வாறதுன்டா, வேனுக்குக் காசும் குடுத்துப் படுத்துக்கிட்டு வாறத்துக்கு, இப்பயே குந்திக்கிட்டு இரிக்கலாமே."

"அப்ப உனக்குப் போக ஆசையில்லியா?"

"நீங்கதானே ஊருக்கே கேக்கக் கணக்குப் போட்டீங்க! ஆசை உங்களுக்குத்தான்டு நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

முத்தலிபு எழுந்து நின்று, வாடகை, ஃபிளாட்டின் லிஃப்ட் செலவு, டொக்டர் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கழித்தார். கடைசியில், சந்தோஷத்தில் நிதானமிழந்து, கணக்கிலேயே சேர்க்காத வேன் கூலியையும் கழித்துவிட்டார். அதனால் தொகை பூச்சியத்துக்குக் கீழே போனது. களப்பு பழைய இடத்துக்கு வந்து, நிற்காமல் வேலியைத் தாண்டி, முற்றத்தை நிறைத்து, விறாந்தையில் ஏறி, இறாலும் ஓரா மீனுமாக மண்டபத்துக்குள் வந்து முழங்கால் அளவில் நின்றது. கமறியா அகப்பையைக் காட்டியதால் குசினிக்குள் மட்டும் வரவில்லை.

அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. கமறியா கதிரையைத் தண்ணீரில் போட்டுப் பின்னேரம் முழுக்கக் காலை ஊறவைக்கிறாள். வலி பாதி போய்விட்டதாகச் சொல்கிறாள், மிச்சத்துக்கு மாதமொருமுறை பஸ்ஸில் கொழும்பு போய் அன்றே திரும்புகிறாள். றிப்னா பெருநாளுக்கு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். அந்த வீட்டுக்குப் பாண்காரன் தோணியில் வருகிறான்; பாண் விலை மற்ற வீடுகளுக்கு உள்ளதுதான்.