நேரக்காரர் அறையின் கதவு

கல்யாணமான வருஷமே நேரக்காரரின் அறைக்கதவு சுருங்கத் தொடங்கிவிட்டது. அதைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. தையல்காரி, கண்ணாலேயே அளவெடுப்பவள். "ஏங்க, இந்தக் கதவு ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கு" என்றாள். அவர் கம்ப்யூட்டர் திரையைவிட்டுத் தலையைத் திருப்பாமல் "ம்" என்றார். கல்லூரி நாட்களில் அவர் விளையாட்டாக எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஓர் ஊர் நேரத்தை இன்னோர் ஊர் நேரமாக மாற்றும், அவ்வளவுதான். அதனால்தான் அவருக்கு நேரக்காரர் என்று பேர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்தார். எடுத்துக்கொண்டார்கள். பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரி, விமான நிலையம் என்று எல்லாவற்றுக்குள்ளும் அதுதான் ஓடியது. எங்கே பிசகினாலும் உலகமே இவரைத்தான் பிடித்துக்கொள்ளும். பகலெல்லாம் ஆபீஸ் வேலை, மிச்ச நேரமெல்லாம் இது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளம்.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. கடல் தாண்டி இருந்த நர்ஸ் ஒருத்தி, தன் ஆஸ்பத்திரியில் மருந்து நேரம் தப்பாகக் காட்டிய நாளிலிருந்து திருத்தங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். "சார், இதை நான் பாத்துக்கட்டுமா?" என்று கேட்பாள். இவரோ, "சொல்லிக்கொடுக்கிற நேரத்துல நானே முடிச்சிடுவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு தானே முடித்துவிடுவார். அப்படிச் சொல்லும்போதெல்லாம்தான் கதவு சுருங்குகிறது என்பதையும் மனைவியே கண்டுபிடித்துச் சொன்னாள். மனுஷர் கேட்டால்தானே! முதலில் குனிந்து வெளியே வந்தார், பிறகு தவழ்ந்து வந்தார், அப்புறம் வருவதையே விட்டுவிட்டார். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று ஆபீசுக்குச் சொன்னார். அங்கே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நல்லவேளை, குளியலறை அறைக்குள்ளேயே இருந்தது. தச்சர் வந்து கதவைச் சுற்றிச் சுவரை அறுத்துவிட்டுப் போனார், அப்போதும் அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை, விடிவதற்குள் சுவர் மூடிக்கொண்டது. மறுபடி வந்து பார்த்த தச்சர், "மரத்துல கோளாறு இல்லம்மா, சார்கிட்டதான்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அவள் நிறைமாதமாக இருந்தபோது கதவு சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு வந்திருந்தது. அவள் வயிற்றை அதோடு ஒட்டிவைத்துக்கொள்வாள். அவர் உள்ளேயிருந்து கையை நீட்டி, குழந்தை உதைப்பதைத் தொட்டுப்பார்ப்பார். ஒரு காலையில் அவளுக்கு வலி எடுத்தது. அதே காலையில் ஏதோ ஒரு நாடு திடீரென்று தன் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளிவைத்துவிட்டது. நர்ஸ் அதற்கான திருத்தத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மனைவி குனிந்து கதவுக்குள் பார்த்தாள். "டாக்ஸி வந்துடுச்சு. இதையாவது நீங்களே முடிச்சிட முடியாதுங்க. பக்கத்துல வந்து நில்லுங்க, போதும்" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸ் எழுதியதைப் பார்த்தார். ஒரே வரி இரண்டு இடத்தில் வந்திருந்தது, பெயர்களெல்லாம் கன்னாபின்னாவென்று இருந்தன. கை துறுதுறுத்தது. ஒன்றையும் தொடாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார். "இனிமேல் நீங்களே வெளியிடலாம், என்னைக் கேட்க வேண்டாம்" என்று எழுதி அனுமதியையும் கொடுத்தார். சுவர் முனகியது, கதவு கொஞ்சம் விரிந்தது. முதலில் தலை நுழைந்தது, பிறகு தோள் நுழைந்தது. சட்டை கிழிந்ததோடு தப்பித்து டாக்ஸியில் ஏறினார்.

மகள் பிறந்த நேரத்தில், நர்ஸின் திருத்தத்தில் இருந்த ஒரு தப்பால், அந்த நாட்டின் பஸ்களெல்லாம் ஒரு மணிநேரம் முன்னதாகவே கிளம்பிப் போயின. அவர் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் நர்ஸே தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஊரெல்லாம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள். அடுத்த வருஷங்களில் அவள் ஒரு வாத்தியாருக்கும் ஒரு பேக்கரிக்காரருக்கும் வேலையைப் பழக்கினாள், அவர்கள் வேறு யார் யாருக்கோ பழக்கினார்கள். கதவு வளர்ந்து வளர்ந்து ஒரு பக்கச் சுவரையே தின்றுவிட்டது. தபால்காரர் இப்போது அடுத்த தெருவுக்கு அந்த அறை வழியாகத்தான் குறுக்கே போகிறார்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஷூ கயிற்றைத் தானே கட்டுவேன் என்று உட்கார்ந்து, தப்பாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி தப்பாகக் கட்டினாள். மணி ஆகிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். சுவர் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "மெதுவா கட்டும்மா, அப்பா இருக்கேன்" என்றார்.